முதுகில் சுழலும் விரல்

எங்கள் அடுக்குமாடிப் பெண்கள் இப்போதெல்லாம் என்னை லிஃப்டில் மடக்கிக் கேட்கிறார்கள். "அந்த ஜிம்முல எல்லாரும் சேர்ந்து என்னதான் பண்றீங்க? எங்க வயசுக்கு ஒத்து வருமா?" நானும் சலிக்காமல் சொல்கிறேன். முதல் நாளே கம்பியைத் தூக்கச் சொல்ல மாட்டார்கள். கை காலை வீசச் சொல்லி உடம்பைச் சூடாக்குவார்கள். அப்புறம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்வார்கள். இதைக் கற்றுக்கொள்ளவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எரிச்சல் வரும். மறுநாள் காலையில் படி இறங்கும்போது அந்த எரிச்சல் தொடைக்கு வந்திருக்கும். சுற்றிலும் கண்ணாடி இருப்பதால் எல்லாரும் நம்மையே பார்ப்பதுபோல் கூசும். ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். அவரவருக்கு மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருக்கும்.

இவ்வளவும் சொல்வேன். நான் எதற்காகப் போனேன் என்பதை மட்டும் சொல்வதில்லை. சொன்னால் அழுதுவிடுவேன். லிஃப்டுக்குள் நின்று அழ எனக்கு இஷ்டமில்லை.

என் கணவரைத் தூக்குவதற்காகப் போனேன்.

அவர் கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் கிரேனுக்குச் சைகை காட்டும் வேலையில் இருந்தவர். மேலே கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்குக் கீழே பேசுவது எதுவும் கேட்காது, அத்தனை இரைச்சல். கீழே நிற்பவர் கையால்தான் பேச வேண்டும். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து இப்படியும் அப்படியும் அசைத்தால் நிறுத்து. குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலேயே இந்த வித்தையெல்லாம் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. தட்டில் நான் சோறு போட்டுக்கொண்டே இருந்தால் உள்ளங்கை கவிழும். நான் கோபத்தில் குரலை உயர்த்தினால் விரல் கீழே பார்த்துச் சுழலும். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

"நான் என்ன உங்க கிரேனா?" என்று கத்துவேன்.

"கிரேனு சொன்ன பேச்சு கேக்கும்" என்பார் அவர். ஆனால் வேலை விஷயத்தில் அவருக்கு விளையாட்டே கிடையாது. எதைத் தூக்கினாலும், இறக்கு என்று கை காட்டும்வரை இறக்கக் கூடாது. கையைப் பார்க்காமல் இறக்கினால் கீழே நிற்பவன் கதி என்ன ஆவது? இதை எனக்கு எத்தனை தடவை சொன்னாரோ, தெரியாது. ஊறுகாய் ஜாடியைப் பரணிலிருந்து இறக்கும்போதுகூடச் சொல்லியிருக்கிறார்.

ஓய்வு பெற்றதும் ஸ்ரீரங்கத்தில் இந்த ஃபிளாட்டுக்கு வந்தோம். காலையில் நடந்துபோய் அம்மா மண்டபத்தில் காவிரித் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டு வருவார். தண்ணீரே இல்லாத நாளிலும் போய்ப் பார்த்து, இல்லை என்று வந்து சொல்வார். அப்படி ஒருநாள் போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றுகையில் சரிந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுவதும் போனது, பேச்சும் போனது. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது எடை பார்த்தார்கள், எழுபது கிலோ. அதே எழுபதுதான் எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து. நான் மட்டும்தான் பெருத்தேன்.

கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, அங்கிருந்து கழிப்பறைக்கு, மறுபடி கட்டிலுக்கு. ஒரு நாளில் இத்தனை தடவை ஒரு மனிதன் இடம் மாறுகிறான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஏஜென்சி மூலம் ஆட்களை வைத்தோம். அக்குளில் கையைக் கொடுத்து, வெளியூரிலிருந்து வந்த சாக்கை இறக்குவதுபோல் அவரைத் தூக்கிப் போடுவார்கள். அந்த நேரம் அவர் கண்ணை மூடிக்கொள்வார். மூடிய கண்ணோரம் தண்ணீர் வரும். வாழ்நாள் முழுக்க ஒரு இரும்புத் துண்டுகூட ஆட்டம் கண்டு இறங்கக் கூடாது என்று நின்றவர் அவர். இரண்டாவது ஆளும் அப்படியே செய்தபோது நான் வாசலைக் காட்டி, "போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, அன்று மாலை அவரைப் பாதித் தூக்கிய நிலையில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் விட முடியவில்லை. அப்போது என் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, ஏதோ ஊர்ந்தது. அவருடைய இடது கை விரல். சின்னதாக ஒரு வட்டம் போட்டது. தூக்கு. எப்படியோ தூக்கினேன். நாற்காலிக்கு நேராக வந்ததும் விரல் என் இடுப்பருகே இறங்கி அங்கே ஒரு வட்டம் போட்டது. இறக்கு.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அவருக்குப் பாதி வாய்தான் சிரித்தது, அது போதுமானதாக இருந்தது.

பிசியோதெரபி பார்க்க வந்த பெண்தான், "அங்கிளை விடுங்க, உங்களுக்கு முதல்ல பலம் வேணும்" என்று மாம்பழச்சாலை ஜிம்மைச் சொன்னாள். சோபாக் கடைக்கு மேல் மாடி. காலையில் பத்தரைக்குப் பெண்களுக்கு மட்டும் வகுப்பு. எதிர் ஃபிளாட் அம்மா அந்த ஒரு மணி நேரம் இவரோடு உட்கார்ந்து டிவி பார்க்க ஒத்துக்கொண்டார். சுடிதார் மேல் ஒரு பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். கோயம்புத்தூரிலிருந்து மகள் போனில் சிரித்தாள். "அம்மா, உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்றாள். அவள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கோச் என் மகளைவிடச் சின்னவள். கோச்சம்மா என்று கூப்பிட்டேன், அவளுக்கும் பிடித்துப்போனது. எனக்கு ஜோடியாக ஒரு கல்லூரி ஆசிரியையைச் சேர்த்துவிட்டாள். கத்தோலிக்கக் குடும்பம், கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, கம்பி எடுக்கும் முன் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொள்வாள். இந்த வகுப்பில் யாரும் தனியாகத் தூக்குவதில்லை. ஒருத்தி தூக்கும்போது ஜோடி பக்கத்தில் நின்று முதுகு வளைகிறதா என்று பார்க்க வேண்டும், வளைந்தால் சொல்ல வேண்டும். நான் முதல் வாரம் எல்லாவற்றையும் முதுகால்தான் தூக்கினேன். "முதுகு, முதுகு" என்று அவள் கத்திக்கொண்டே இருப்பாள். தரையில் கிடக்கும் கம்பியை எடுத்து நிமிர்ந்து நிற்பதற்கு டெட்லிஃப்ட் என்று பெயர். குனிவது இடுப்பிலிருந்து, தள்ளுவது காலால், வயிற்றை இறுக்கி மூச்சைப் பிடிக்க வேண்டும், கம்பி காலை ஒட்டியே வர வேண்டும். வெறும் கம்பியே இருபது கிலோ. இரண்டு பக்கமும் பத்துப் பத்து போட்டு நாற்பதுக்கு வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

வகுப்பில் கற்றதை அப்படியே வீட்டில் செய்தேன். என் முழங்காலால் அவர் முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து, அவர் இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடித்து, காலால் தள்ளி எழுந்தேன். விரல் மேலே வட்டம் போடும், தூக்குவேன். கீழே வட்டம் போடும், இறக்குவேன். மாதம் போகப் போக அது சுலபமாகிக்கொண்டே வந்தது. மூச்சுகூட வாங்கவில்லை. எனக்கு அதில் இருந்த கர்வத்தைச் சொல்லி மாளாது. அவர் காதருகே, "பாத்தீங்களா, உங்க பழைய கிரேன் எல்லாம் என்கிட்ட நிக்காது" என்பேன். அவர் பாதி வாயால் சிரிப்பார்.

ஒரு விஷயம்தான் எனக்குப் புரியவில்லை. வீட்டில் இவ்வளவு முன்னேறியும் வகுப்பில் நான் நாற்பதிலேயே நின்றேன். என்னோடு சேர்ந்தவர்களெல்லாம் ஏறிப் போய்விட்டார்கள். ஜோடிக்காரி ஐம்பத்தைந்தில் இருந்தாள். கோச்சம்மா எனக்கு மட்டும் ஏற்றவே மாட்டேன் என்கிறாள். எனக்கோ கோபம் மூக்குக்கு மேல் வரும். ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டேன்.

"ஏம்மா, வயசானவள்னு என்னை ஓரம் கட்டறியா? வீட்டுல எழுபது கிலோ ஆளைத் தினமும் தூக்கறேன். இங்க என்னடான்னா நாப்பதுலயே நிக்க வெச்சிருக்கே."

அவள் போய் ஐம்பது போட்டாள். "எடுங்க ஆன்ட்டி" என்றாள். குனிந்தேன், பிடித்தேன், தள்ளினேன். கம்பி தரையை விட்டு அசையவில்லை. மறுபடி தள்ளினேன். முகமெல்லாம் ரத்தம் ஏறியது, கம்பி கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"உன் கம்பியிலதான் ஏதோ கோளாறு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கோச்சம்மா சிரிக்கவில்லை. என் அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "ஆன்ட்டி, அங்கிளுக்கு கடைசியா எப்ப வெயிட் பாத்தீங்க?" என்று கேட்டாள்.

கேள்வி புரிந்துவிட்டது. கம்பி பொய் சொல்லாது. நாற்பது எனக்கு முதல் நாள் எப்படிக் கனத்ததோ அப்படியேதான் கனத்துக்கொண்டிருந்தது. என் பலம் ஏறவில்லை. அவர்தான் குறைந்துகொண்டிருந்தார். தண்ணீர் பாட்டிலைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

நிற்க முடியாதவருக்கு எப்படி எடை பார்ப்பது? எங்களுக்கு எப்போதும் அரிசி வாங்கும் கடை அடையவளஞ்சான் தெருவில் இருக்கிறது. மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு அங்கே தரையோடு இருக்கும். மறுநாளே நாற்காலியோடு அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். ஜோடிக்காரி கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் தராசின்மேல் இருந்த பொன்னி மூட்டையைத் தானே நகர்த்தினார். அவரோடு சேர்த்து நாற்காலியை ஏற்றினோம். பிறகு அவரைப் பக்கத்து ஸ்டூலில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு வெறும் நாற்காலியை ஏற்றினோம். கழித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் கழித்தலைச் செய்ய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நாற்பத்தி நாலு.

அவர் தராசின் சிவப்பு எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எடையைப் பார்த்துப் பழகிய கண். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. தினமும் பார்க்கிற முகம் மெலிவது கண்ணில் படாது என்கிறார்கள். சட்டை தொளதொளத்தது, படுத்தே கிடக்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று பிடித்துத் தைத்துப் போட்டேன். சாப்பாட்டில் நாலாவது வாய்க்கே உள்ளங்கை கவிழ்ந்தது. அது எங்கள் வீட்டில் எத்தனையோ வருஷமாகக் கவிழ்கிற கைதானே? போதும் என்கிறார் என்று நினைத்து, ஸ்பூனைக் கீழே வைத்து, "இந்த வயசுலயும் உங்க நிறுத்து போகலையே" என்று கேலி செய்தேன்.

வயிற்றில் கட்டி என்றார்கள் டாக்டர்கள். முற்றிவிட்டது, இந்த உடம்பு எதையும் தாங்காது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எத்தனை நாளாக வலித்திருக்கும் என்று கேட்டேன். "சொல்ல முடிஞ்சிருந்தா முன்னாடியே வந்திருப்பீங்க" என்றார் அந்த டாக்டர், தன்மையாகத்தான். இவரிடம் இருந்தது மூன்று சைகை. தூக்கு, இறக்கு, நிறுத்து. வலிக்கிறது என்பதற்குக் கிரேன் பாஷையில் சைகையே கிடையாது. இரும்புக்கு எதற்கு அது? அந்த மூன்றில் எது பொருந்துமோ அதை எடுத்து எனக்குக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறார், பாவி மனுஷன்.

வகுப்பை நிறுத்திவிட்டேன். இனி அவரைத் தூக்க எந்தப் பலமும் தேவைப்படவில்லை.

கடைசியாகத் தூக்கியது ஒரு காலை நேரம். ஜன்னலோரம் வெயிலில் உட்காரவைத்திருந்தேன், கட்டிலுக்குக் கொண்டுபோக வேண்டும். விரல் மேலே வட்டம் போட்டது, எழுந்தேன். கட்டிலுக்கு நேராகத் திரும்பி நின்றேன். விரல் இறங்கவில்லை. கை என் முதுகிலேயே விரிந்து கிடந்தது. தாடையை என் தோளில் வைத்துக்கொண்டார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. சரி, உங்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ நிற்கலாம் என்று நானும் நின்றேன். கீழே தெருவில் கீரைக்காரி கூவிவிட்டுப் போனாள். அப்புறம்தான் கை மெல்ல என் இடுப்புக்கு வந்து, வட்டம் போட்டது. இறக்கினேன். இரண்டு நாளில் போய்விட்டார்.

மணப்பாறையிலிருந்து கொழுந்தனார் வந்து எல்லாவற்றையும் முன்னின்று நடத்தினார். பாடை வாசலில் தயாராக இருந்தது. தூக்குவதற்கு ஆண்கள் நாலு மூலையிலும் வந்து நின்றார்கள். நான் கால்மாட்டுப் பக்கம் போய் மூங்கிலைப் பிடித்தேன்.

"அண்ணி, என்ன பண்றீங்க? நகருங்க."

"இந்தப் பக்கம் நான் பிடிக்கிறேங்க. தெரு முனை வரைக்கும்."

"பொம்பளைங்க தூக்கற வழக்கம் இல்லீங்க அண்ணி. ஆம்பளைங்க நாங்க இவ்வளவு பேரு இருக்கோம்ல."

ஒரு வருஷமாக யார் தூக்கினார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. இத்தனை ஆண்களில் யாராவது ஒருத்தர் ஒருநாள் வந்து இவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றியிருப்பீர்களா? கேட்கவில்லை. இரண்டு பெண்கள் என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். பிடித்தவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து இருக்கிற பலம் எனக்கு ஒருத்திக்கே இருந்தது. உதறியிருக்கலாம். அவர் முன்னால் ரகளை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தேன். தூக்கியவர்கள் ஒரு பக்கத்தை முதலில் தூக்கிவிட்டார்கள். பாடை சாய்ந்து, தலை ஒரு பக்கம் ஆடியது. யாரும் கை காட்டவில்லை, யாரும் யார் கையையும் பார்க்கவில்லை. "ரெண்டு பக்கமும் சேத்துத் தூக்குங்க, மெதுவா, மெதுவா" என்று நான் கத்தியது தாரை தப்பட்டையில் கேட்கவில்லை. கொள்ளிடக்கரைக்குப் போனார்கள். நாங்கள் தெருவோடு நின்றுகொண்டோம்.

காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து ஜோடிக்காரி வந்து, கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் போனாள். கோச்சம்மா என் பாட்டிலை எடுத்து வைத்திருந்தாள், அதைக் கொடுத்தாள். மறுபடி இருபதிலிருந்து ஆரம்பித்தேன். நாற்பது வந்தது. ஐம்பது வந்தது, அதே கம்பி, அசைந்தது. துக்கத்துக்கு ஒரு வேலை கொடுத்தால் அது மாடுபோல உழைக்கும் என்று தெரிந்தது. அடுத்த வருஷம் ஒரு காலையில், "ஆன்ட்டி, இன்னைக்கு எவ்வளவு போடலாம்?" என்று கோச்சம்மா கேட்டபோது, எழுபது என்றேன். ஏன் எழுபது என்று அவள் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் இருபத்தைந்தைப் போட்டாள். மற்றவர்கள் தங்கள் கம்பியை வைத்துவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள்.

குனிந்து பிடித்தேன். வயிற்றை இறுக்கினேன். கால் தரையைத் தள்ளியது. முழங்காலைத் தாண்டி, தொடையைத் தாண்டி, நிமிர்ந்து நின்றுவிட்டேன். எழுபது கிலோ. செருப்பைக் கழற்றப்போன அன்றைக்கு இருந்த அவர். பேசிக்கொண்டு, தண்ணீர் வரவில்லை என்று சொல்லிக்கொண்டு, சட்டை கச்சிதமாக இருந்த அவர். அந்த ஆளைத் தூக்குவதற்குத்தான் நான் இங்கே வந்தேன். இப்போதுதான் முடிகிறது.

எல்லாரும் கைதட்டினார்கள். "சூப்பர் ஆன்ட்டி, போதும், இறக்குங்க" என்றாள் கோச்சம்மா. ஜோடிக்காரியும் சொன்னாள். எனக்குக் காது கேட்டது. ஆனால் இடுப்பருகே அந்த விரல் வரவேண்டும், வராமல் நான் எதையும் இறக்கிப் பழகவில்லை. தோள் கழன்று விழுவதுபோல் வலித்தது. அவர்கள் இறக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பிடி நழுவும்வரை நான் நின்றேன்.